ஞாயிறு சமையலும் வார உணவும்

கிரேக்கர் ஒலிவ் எண்ணெயிற் சமைத்த காய்கறிகளை ஆறிய பின்னும் விரும்பியுண்பர். ஆதலின், வாரத்துக்குரிய நண்பகலுணவை ஞாயிறன்றே ஆக்கிவைப்போர்க்கு அம்முறை பொருந்தும். கோழியிறைச்சித் துண்டுகளை ஒலிவ் எண்ணெய், எலுமிச்சஞ்சாறு, உள்ளி, ஒரேகனோ இலைத்தூள், உப்பு என்பவற்றிற் பிரட்டி ஊறவிடுக. பின்னர்க் கறிமிளகாய், கத்தரிக்காய், வெங்காயம் சேர்த்துப் போறணையில் வாட்டுக. இறைச்சியின் உட்பகுதி 74 பாகை செல்சியஸ் வெப்பம் அடைதல் வேண்டும்.

புளிப்பும் உப்பும் உணவைக் காக்கும் என்றெண்ணி ஏமாறற்க. சமைத்த கோழி குளிர்சாதனப் பெட்டியிலும் 3 அல்லது 4 நாட்களே பழுதின்றி நிற்கும். எனவே, சமைத்த 2 மணி நேரத்துள், புதன்வரைக்குரிய பங்கைக் குளிர்சாதனப் பெட்டியிலும், வியாழன், வெள்ளிக்குரியதை அதன் உறைபகுதியிலும் வைத்துவிடுக. தக்காளியையும் வெள்ளரிக்காயையும் அன்றன்றே அரிந்து சேர்க்க. நேரத்தை மிச்சப்படுத்தல் நன்றே. பிள்ளைகளின் உடல்நலம் அதனினும் பெரிது.