பத்து ரூபாய் வாங்கினால் வரிசை குறையாது

“எல்லாம் இலவசம், அதனால்தான் அரசு ஆஸ்பத்திரியில் இவ்வளவு கூட்டம். ஓபி சீட்டுக்குப் பத்து ரூபாய் வாங்கிப் பாருங்கள், பாதிப் பேர் வரமாட்டார்கள்.” படித்தவர்கள்கூட இதை ஒரு தீர்வாகச் சொல்கிறார்கள்.

பாதிப் பேர் வராமல் போகலாம்தான். எந்தப் பாதி? கென்யாவில் 1989 டிசம்பரில் அரசு மருத்துவமனைகளில் கட்டணம் வைத்தார்கள். நைரோபியில் பால்வினை நோய்களுக்கான மருத்துவமனை ஒன்றில் ஆண்களின் வருகை முன்பிருந்ததில் 40 சதவீதமாகவும், பெண்களின் வருகை 65 சதவீதமாகவும் விழுந்தது. வராதவர்களுக்கு நோய் தீர்ந்துவிடவில்லை. அவர்களில் பலர் தொற்றும் நோயோடு சிகிச்சையில்லாமலே இருந்திருக்கக்கூடும். மறு ஆண்டே அந்தக் கட்டணத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. தவிர, நம் அரசு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்குச் சிகிச்சை உண்மையில் இலவசமும் இல்லை. நோயாளிக்கு ஒரு நாள் கூலி போகிறது, துணைக்கு வந்தவருக்கும் போகிறது.

“சளிக்கும் தலைவலிக்கும் பெரியாஸ்பத்திரிக்கு ஓடிவருகிறார்கள்” என்பது அடுத்த புகார். காலை வரிசையில் ஒருநாள் நின்று பாருங்கள்: சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என்று மாதாமாதம் மாத்திரை வாங்கியே தீரவேண்டியவர்கள் எத்தனை பேர்! 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் அந்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோனது. யாரையும் காசு கேட்டு விரட்டாமல் வரிசையைக் குறைக்கும் வழி இதுதான்.

“டாக்டர்கள் போதவில்லை, வேறென்ன செய்ய முடியும்?” இதில் பாதி உண்மை. காலி இடங்களை நிரப்பத்தான் வேண்டும். ஆனால் என் அம்மாவின் ஒரு காலைப்பொழுதைச் சொல்கிறேன். இன்சுலின் போடுகிறவர். வெறும் வயிற்றோடு ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். சீட்டு வாங்க ஒரு வரிசை, ரத்தம் கொடுக்க ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒன்று, மருந்துக்கு இன்னொன்று. வெளியே வரும்போது மணி பன்னிரண்டரை. டாக்டர் அறைக்கு வெளியே காத்திருந்தது ஒன்றரை மணி நேரம். மீதியெல்லாம் மற்ற மூன்று வரிசைகளில் போயிற்று. எல்லாரையும் ஒரே நேரத்தில் வரச்சொல்லிவிட்டு, வந்த பிறகு ஜன்னல் ஜன்னலாக நிற்க வைத்தால், இன்னும் பத்து டாக்டர்கள் வந்தாலும் அந்த மூன்று வரிசைகள் அப்படியேதான் இருக்கும்.

“அரசு நிர்வாகத்தில் எதையும் மாற்ற முடியாது” என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவாயிற்று. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து, மாவட்டக் கிடங்கிலிருந்து வேண்டிய மருந்தை எடுத்துக்கொள்ளச் செய்தது. அவசரப் பிரிவில் இன்று சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துப் பார்க்கிறார்கள். யார் முதலில் வந்தார் என்பதைவிட, யாரால் காத்திருக்க முடியாது என்பதே அங்கே கணக்கு. வெறும் வயிற்றோடு நிற்கும் முதியவருக்கும், நிறைமாதக் கர்ப்பிணிக்கும் ஓபியிலும் அதே கணக்கைப் போட்டால் என்ன?

அம்மாவின் நோட்டில் அடுத்து வரவேண்டிய தேதியை எழுதித் தந்திருக்கிறார்கள். பக்கத்திலேயே ஒன்பது மணி, பத்து மணி என்று நேரத்தையும் எழுத இடம் இருக்கிறது.