ஒரு வண்டிக்கு எத்தனை ஆயுசு?

ஆயுட்கால வரி என்று ஒன்று இருக்கிறது. கார் வாங்கும்போதே 15 வருடத்துக்கும் சேர்த்து மொத்தமாக வாங்கி விடுவார்கள். பெயரைக் கேட்டால் "கட்டியாச்சு, இனி கவலை இல்லை" என்று தோன்றும். தோன்றும், அவ்வளவுதான். ஓசூர் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்து அந்தப் பக்கம் குடித்தனம் வைத்தால் வண்டி மறுபிறவி எடுக்கும். புது நம்பர், புது பிளேட், புது ஆயுட்கால வரி. அங்கிருந்து கோலாப்பூர் வழியாக புனே வந்து சேர்ந்தால் மூன்றாவது பிறவி. மனுசனுக்கே ஏழு பிறவிதான் என்கிறார்கள். டிரான்ஸ்பர் உத்தியோகம் பார்ப்பவன் காருக்கு அதற்கு மேலும் உண்டு போலிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்து விடலாம். 1988 மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 47. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அந்த மாநிலத்து நம்பர் வாங்க வேண்டும். அதற்குப் பழைய ஆர்டிஓவிடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், அது பிரிவு 48, படிவம் 28. கார் லோன் பாக்கி இருந்தால் பேங்க்கின் சம்மதமும் வேண்டும். (அந்தக் கடிதத்துக்காக எங்கள் கவுண்டரில் நிற்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். முக்கால்வாசிப் பேர் நம்ம ஆட்கள்தான்.)

12 மாதம் என்று மத்திய சட்டம் சொன்னாலும் மாநிலங்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. 2014-ல் கர்நாடகம் தன் வரிச் சட்டத்தைத் திருத்தி, வெளிமாநில வண்டி 30 நாளுக்கு மேல் இருந்தாலே ஆயுட்கால வரி கட்டு என்றது. பெங்களூரில் டிஎன் நம்பரோடு போனவர்களுக்கு அந்தக் காலம் நன்றாக ஞாபகம் இருக்கும். 2016-ல் உயர்நீதிமன்றம் அது செல்லாது என்றது. இடைப்பட்ட காலத்தில் பயந்துபோய்க் கட்டியவர்கள் எத்தனையோ பேர்.

விகிதமும் ஊருக்கு ஊர் வேறு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஏற்றினார்கள். 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. கர்நாடகத்தில் 13-ல் ஆரம்பித்து 18 வரை, வரி மேல் செஸ் தனி. மகாராஷ்டிராவில் பெட்ரோல் காருக்கு 11-ல் ஆரம்பம், டீசலுக்கு 13-ல். எவ்வளவு வாங்குவது என்பது அந்தந்த மாநிலத்தின் விருப்பம், அதில் எனக்குச் சண்டை இல்லை. சண்டை எல்லாம் வாங்கும் முறையில்தான்.

நான் பி.காம். படித்தவன், கணக்காகவே சொல்கிறேனே. 9 லட்ச ரூபாய் கார், தமிழ்நாட்டில் 13 சதவீதம், வரி 1,17,000. மூன்று வருடம் ஓட்டிவிட்டுப் புனேவுக்கு மாற்றல். ஒவ்வொரு மாநிலத்திலும் ரீபண்டுக்கு ஓர் அட்டவணை உண்டு. நாம் எளிமையாக வருடக் கணக்கே போடுவோம். 15-ல் 12 வருடம் பாக்கி, அதாவது 93,600 ரூபாய் திரும்ப வர வேண்டும். எப்போது வரும்? முதலில் புது ஊரில் புது வரியை (வண்டியின் வயசுக்குக் கழித்துக்கொண்டுதான், அதை மறைக்கவில்லை) முழுசாகக் கட்டி, புது நம்பர் வாங்கி, அந்த ஆர்சியைக் காட்டிப் பழைய ஊரில் மனுப் போட்ட பிறகு. அதாவது வீட்டு அட்வான்ஸ், பிள்ளைகளின் ஸ்கூல் அட்மிஷன், பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் எல்லாம் ஒரே ஜூன் மாதத்தில் கழுத்தைப் பிடிக்கும்போது இரண்டு அரசாங்கத்திடமும் நம் பணம் இருக்கும். என்னுடைய ரீபண்ட் மனு ஓர் அலுவலகத்தில் 14 மாதம் தூங்கியது. ஒவ்வொரு முறையும் "ஆள் நேரில் வரணும்" என்று பதில். ஒன்றரை நாள் ரயில் ஏறிப் போய் அந்த அலுவலக பெஞ்சில் உட்கார்ந்தால் "இன்னிக்கு சார் லீவு". லீவும் செலவும் கணக்குப் பார்த்து பாதிப் பேர் அந்தப் பணத்தைத் தலைமுழுகி விடுகிறார்கள். இந்தத் தலைமுழுகலை நம்பித்தான் இந்த ஏற்பாடே ஓடுகிறதோ என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம்.

இன்னொரு விஷயத்தை யாரும் கவனிப்பதில்லை. பேங்க்கில் பெரும்பாலும் ஆன் ரோடு விலைக்குத்தான் லோன் போடுகிறோம். ஆன் ரோடு என்றால் அந்த வரியும் சேர்த்து. ஆக, இப்போது வசிக்காத ஒரு மாநிலத்தின் சாலைக்குக் கட்டிய வரிக்கும் மாதாமாதம் இஎம்ஐ போகிறது. 93,600-க்கு 9 சதவீதம் என்று வைத்தால் வருடத்துக்குச் சுமார் 8,400 ரூபாய் வட்டி. ரீபண்டை லேட்டாகக் கொடுக்கும் அரசாங்கம் இந்த வட்டியைத் தருமா? நாம் வரியை லேட்டாகக் கட்டினால் மட்டும் அபராதம்!

"அதுதான் பிஎச் சீரிஸ் வந்தாச்சே" என்பீர்கள். வந்தது. 2021 ஆகஸ்டில் அறிவித்து செப்டம்பரில் அமலானது. இரண்டிரண்டு வருடமாக வரி கட்டலாம், எந்த ஊர் போனாலும் அதே நம்பர். 10 லட்சத்துக்குள் 8 சதவீதம், 20 வரை 10, மேலே 12, டீசலுக்கு 2 கூட, கரண்ட் வண்டிக்கு 2 குறைவு. 2022 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு பழைய நம்பர் வண்டியையும் மாற்றிக்கொள்ளலாம். நல்ல திட்டம், மறுக்கவில்லை.

ஆனால் யாருக்கு? ராணுவத்தினர், மத்திய மாநில அரசு ஊழியர், பொதுத்துறை ஊழியர், அப்புறம் நாலு மாநிலத்திலாவது அலுவலகம் வைத்திருக்கும் தனியார் கம்பெனி ஊழியர். நான் பொதுத்துறை பேங்க் ஆபீசர், எனக்கு உண்டு. ஹிஞ்சவாடியில் பெரிய ஐடி கம்பெனியில் இருப்பவருக்கும் உண்டு. எங்கள் பேட்டையில் இட்லி மாவு அரைத்து விற்கும் திருநெல்வேலி அண்ணாச்சிக்குக் கிடையாது. ஊரில் வாங்கிய பழைய மாருதியில்தான் கடைகடையாக மாவு போடுகிறார், தம்பியும் வந்து சேர்ந்து விட்டார். ஒரே ஊரில் கிளை வைத்திருக்கும் சின்னக் கம்பெனி அக்கவுண்டன்ட்டுக்குக் கிடையாது. ரிட்டயர் ஆகி மகள் வீட்டோடு வந்த வாத்தியாருக்கு, ஊரில் இருந்தவரை இருந்த தகுதி இப்போது இல்லை. ஊர் மாறினால் மாதச் சம்பளமும் டிரான்ஸ்பர் அலவன்சும் வருகிற எங்களுக்குச் சலுகை, பிழைப்பைத் தேடித் தானே பஸ் ஏறி வந்தவருக்கு மூன்று பிறவி வரி. இது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. புலம்பெயர்வது என்பது சீல் அடித்த உத்தரவோடு வருகிறவன் மட்டும் செய்கிற காரியமா?

இங்கே சில நண்பர்கள் மாநில உரிமை என்று ஆரம்பிப்பார்கள். வண்டி வரி மாநிலப் பட்டியலில் இருக்கிறது, ஜிஎஸ்டி வந்த பிறகு மாநிலங்களிடம் மிச்சம் இருப்பதே பெட்ரோல், மதுபானம், பத்திரப்பதிவு, வண்டி வரி என்று நாலைந்துதான், இதையும் டெல்லி கையில் கொடுக்கவா என்று. வேண்டாம், நானும் அந்தக் கட்சிதான். விகிதத்தை மாநிலம் வைக்கட்டும், பணமும் மாநிலத்துக்கே போகட்டும். எந்த மாநிலத்துச் சாலையில் வண்டி ஓடுகிறதோ அந்த மாநிலத்துக்கு, ஓடுகிற வருடங்களுக்கு. 12 வருடப் பணத்தை வேலையே செய்யாமல் வைத்துக்கொள்வது எந்த உரிமையில் சேர்த்தி?

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெளியூர் செக் என்றால் கஸ்டமருக்குக் காய்ச்சல் வரும். சென்னை செக்கை வடக்கே போட்டால் பணம் வர வாரக்கணக்கு, கமிஷன் வேறு. இன்று அந்தப் பேச்சே இல்லை. எந்த பேங்க் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று பேங்க்குகளே தங்களுக்குள் தீர்த்துக்கொள்கின்றன, நடுவில் கஸ்டமர் ரயில் ஏற வேண்டியதில்லை. செல்போன் நம்பரை 2015 ஜூலையில் இருந்து எந்த மாநிலத்துக்கும் கொண்டு போகலாம். இவ்வளவு ஏன், இதே மாநிலங்கள் ஐஜிஎஸ்டியில் இதைத்தானே செய்கின்றன? திருப்பூர் பனியன் புனேயில் விற்றால் வரியில் மகாராஷ்டிராவின் பங்கு கணக்குத் தீர்த்துப் போய்ச் சேர்கிறது. பனியன் வாங்கியவரை திருப்பூருக்கு வந்து ரீபண்ட் மனுப் போடச் சொல்வதில்லை. வண்டி விவரமெல்லாம் வாஹன் என்ற ஒரே தளத்தில் இருக்கிறது. நம்பர் மாறும் அன்றே பழைய மாநிலம் மீதி வரியைப் புது மாநிலத்துக்கு அனுப்பட்டும், வித்தியாசம் இருந்தால் நான் கட்டுகிறேன். வரி மாநிலத்தின் கையில்தான். ஆனால் வண்டி வரிக்கான கொள்கைகள் பொதுப் பட்டியலில் 35-வது இனம், எனவே பாராளுமன்றம் இதைச் சட்டமாக்கத் தடையில்லை.

மத்திய அரசு மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. 15 வருடம் ஆன காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்ததை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள். 20 வருடம் தாண்டினால் 10,000 என்று 2025 ஆகஸ்டில் உத்தரவு. கட்டணத்தை ஏற்ற மட்டும் ஒரு நோட்டிபிகேஷன் போதும், ரீபண்டுக்கு மட்டும் ஆள் நேரில் வர வேண்டும்.

இந்த ஜூனில் ஊர் மாறுகிறவர்களுக்கு ஒன்று. தடையில்லாச் சான்று மனுவைத் தேதியோடு ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், 30 நாளுக்குள் எந்தப் பதிலும் இல்லாவிட்டால் சான்று கொடுத்ததாகவே அர்த்தம் என்று பிரிவு 48 சொல்கிறது. கவுண்டரில் இருப்பவருக்கு அது தெரியாமல் இருக்கலாம், அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். பழைய வரி ரசீதின் நகலையும் பத்திரமாக வையுங்கள். ரீபண்ட் கவுண்டரில் முதலில் கேட்பதே அதைத்தான்.