குப்பைமேட்டு ட்ரம்பெட்



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. பிள்ளைகளின் கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், எங்கள் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவர் நிற்கிறார். அவருக்குப் பின்னால் அவருடைய மகன். என்னிடம் ஆறாண்டுகள் படித்துவிட்டு இப்போது பட்டணத்து இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவத்தில் இருக்கிறான். அவன் கையில் ஒரு கறுப்புப் பெட்டி.

"சார், இவனுக்கு நீங்களே ஒரு புத்தி சொல்லுங்க. பள்ளிக்கூட பேண்டுல சேர்ந்து, இத வீட்டுக்கே தூக்கிக்கிட்டு வந்துட்டான். காலையில நாலரைக்கு எந்திரிச்சிப் பெரட்டுக்குப் போற மனுசன் நான். ராத்திரி எட்டு மணிக்கு இவன் ஊத ஆரம்பிச்சா லயத்து நாயெல்லாம் கூடச் சேர்ந்து ஊளையிடுது. பக்கத்து வீட்டு அக்கா நேத்து சண்டைக்கே வந்திருச்சி. இது சோறு போடுமா சார்?"

பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டியைத் திறக்கச் சொன்னேன். அங்கங்கே மெருகு போன ஒரு ட்ரம்பெட். ஊதச் சொன்னேன். மேல் சுரம் நன்றாகத்தான் வந்தது. கீழே இறங்கியபோது தொண்டை கட்டிய சேவல் மாதிரி ஆகிவிட்டது. பாவம், காது மடல்வரை சிவந்துபோனான்.

சங்கீதம் எனக்குத் தெரியாது. கோயில் திருவிழா நாதசுரமும் வானொலியும்தான் நான் கேட்ட இசை. இருந்தாலும் அந்தத் தகப்பனாருக்குப் பதில் சொல்லாமல் அனுப்ப மனம் வரவில்லை. எப்போதோ படித்தும் திரைப்படத்தில் பார்த்தும் தெரிந்துகொண்ட ஒரு மனிதரின் கதையைச் சொன்னேன். அதையே இங்கே உங்களுக்கும் சொல்கிறேன்.

அவர் பெயர் கிளார்க் டெர்ரி. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் 1920-ஆம் ஆண்டு பிறந்த கறுப்பினத்தவர். வீடு நிறையப் பிள்ளைகள், தகப்பனார் கூலித் தொழிலாளி. பத்து வயது வாக்கில் டியூக் எலிங்டனின் இசைக்குழு வாசித்ததைக் கேட்டு, ஊதினால் ட்ரம்பெட்தான் ஊதுவேன் என்று முடிவு செய்துவிட்டான் பையன். வாங்கக் காசு ஏது? குப்பைமேட்டுக்குப் போய்ப் பழைய ரப்பர் குழாயை எடுத்து வளைத்துக் கட்டினான். ஒரு முனையில் எண்ணெய் ஊற்றும் புனல், மறு முனையில் ஒரு துண்டு ஈயக் குழாய். இதை வைத்துக்கொண்டு அவன் எழுப்பிய சத்தம் தாங்காமல், அக்கம்பக்கத்தார் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, அடகுக் கடையிலிருந்து 12 டாலர் 50 காசுக்கு உண்மையான ட்ரம்பெட் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் டிராக்டர்காரர் இலேசாகச் சிரித்தார்.

கருவி கிடைத்தது, கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமே. ட்ரம்பெட்டில் இருப்பவை மூன்றே மூன்று விசைகள். மற்ற வேலையெல்லாம் உதட்டுக்கும் மூச்சுக்கும்தான். ஒரே விசையை அழுத்திக்கொண்டு உதட்டை இறுக்கினால் ஒரு சுரம், தளர்த்தினால் வேறொரு சுரம். இது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, தெரிந்தவர்தான் சொல்லித்தர வேண்டும். சிறுவன் கிளார்க்குக்கும் நம் பையனைப் போலவே கீழ்ச் சுரம் சரியாக வரவில்லை. ஊரில் பெயர் பெற்ற மூத்த ட்ரம்பெட் கலைஞர் ஒருவரிடம் போய்ப் பணிவாகக் கேட்டிருக்கிறான். அவர் என்ன சொன்னார் தெரியுமா? கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, இடது காதை ஆட்டிக்கொண்டே ஊதிப் பழகு என்றார். பையன் அதை நம்பி வீட்டில் உட்கார்ந்து காதை ஆட்டிப் பழகியிருக்கிறான்! சின்னப் பயல் வளர்ந்து தம் பிழைப்பில் கை வைத்துவிடுவானோ என்று பெரியவருக்குப் பயம். இந்தக் கதையை டெர்ரி வயதான பிறகும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அன்றைக்கே ஒரு முடிவு எடுத்துவிட்டார். தனக்கு எது தெரிய வந்தாலும் சரி, கேட்டு வருகிற பிள்ளைக்கு ஒளிக்காமல் சொல்லித்தருவது என்பதுதான் அது.

பெற்றோர்களே, இதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் உறுத்துகிறது. நான் வேலைக்கு வந்த புதிதில், பின்ன வகுத்தலில் இரண்டாவது எண்ணை ஏன் தலைகீழாகப் புரட்ட வேண்டும் என்று ஒரு மாணவன் எழுந்து கேட்டான். அப்போது எனக்கு அதை விளக்கத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வெட்கம். "அதெல்லாம் உனக்கு வேண்டாம், மனப்பாடம் பண்ணு" என்று அதட்டி உட்கார வைத்தேன். ஆண்டு முடியும்வரை அவன் வேறு எதையும் கேட்கவில்லை. நான் சொன்னதும் காதை ஆட்டச் சொன்ன கதைதான்.

டெர்ரி 1948-இல் கவுண்ட் பேசியின் குழுவிலும், 1951 முதல் 1959 வரை எலிங்டனின் குழுவிலும் வாசித்தார். சிறு வயதில் எந்தக் குழுவைக் கேட்டு மயங்கினாரோ, அதே குழு. 1960-இல் என்.பி.சி. நிறுவனம் அவரை நிரந்தர இசைக் கலைஞராக எடுத்துக்கொண்டது. அந்த நிறுவனத்தில் அப்படிச் சேர்ந்த முதல் கறுப்பினத்தவர் அவர்.

பேசியின் குழுவோடு அவர் சியாட்டில் நகரத்துக்குப் போயிருந்தபோது பள்ளிச் சிறுவன் ஒருவன் வந்து, எனக்குச் சொல்லித்தருவீர்களா என்று கேட்டான். பையனுக்குப் பகலில் பள்ளிக்கூடம், டெர்ரிக்கு இரவெல்லாம் கச்சேரி. என்ன செய்வது? கச்சேரி முடிந்து அவர் படுக்கப் போகும் விடியற்காலையில், பள்ளிக்குப் போகுமுன் பையன் வந்து கதவைத் தட்டுவான். தூக்கத்தை ஒதுக்கிவிட்டுச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பையன்தான் குயின்சி ஜோன்ஸ். 1982-இல் வெளிவந்த மைக்கல் ஜேக்சனின் 'திரில்லர்' இசைத்தட்டைத் தயாரித்தவர் அவரே. 1959-இல் எலிங்டனை விட்டு வந்த டெர்ரி, இந்தப் பழைய மாணவரின் குழுவிலேயே சேர்ந்து ஐரோப்பாவுக்குப் போனார். மாணவன் தலைவனாக நிற்க, வாத்தியார் வரிசையில் உட்கார்ந்து ஊதினார். நம்மில் எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்?

அவர் கற்பித்த விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் நல்ல கலைஞரைக் கேட்டு அப்படியே வாசி என்பார். பிறகு அதை உன் உடம்போடு ஒட்டவை, அதற்குப் பிறகு உனக்கென்று புதிதாக ஒன்றைச் செய் என்பார். நம் பள்ளிகளில் முதல் படியோடு நாம் நின்றுவிடுகிறோம் என்பது என் எண்ணம். மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்து தேர்வில் இறக்கி வைக்கிறான் பையன், நாமும் நல்ல மதிப்பெண் போட்டு அனுப்பிவிடுகிறோம். மற்ற இரண்டு படிகளும் இருப்பதே அவனுக்குத் தெரிவதில்லை.

இன்னொன்று, ஊதுமுன் வாயால் சொல்லச் சொல்வார். நாக்கு புரளும் விதத்துக்கு 'டூ-டில், டூ-டில்' என்று எழுத்துகள் வைத்திருந்தார். வாயில் சரளமாக வந்தால்தான் குழலிலும் வரும் என்பது அவர் கணக்கு. நம் தவில் வித்துவான்கள் சொற்கட்டை வாயால் சொல்லிப் பழகிய பிறகுதானே கையால் வாசிக்கிறார்கள்? உலகத்தின் இரு மூலைகளில் இருந்தாலும் நல்ல வாத்தியார்களுக்கு ஒரே யோசனைதான் வருகிறது போலிருக்கிறது.

கடைசிக் காலத்தில் அவரை இனிப்புநீர் வாட்டியது. நம் தோட்டங்களிலும் எத்தனையோ வீடுகளில் உள்ள அதே நோய்தான். பார்வை மங்கியது, பின்னர் இரண்டு கால்களையும் எடுக்க வேண்டி வந்தது. அந்த நிலையிலும் அவரிடம் ஒரு மாணவர் வந்துகொண்டிருந்தார். ஜஸ்டின் காஃப்லின் என்ற பியானோ கலைஞர், பதினோரு வயதில் இரு கண்களையும் இழந்தவர். பார்வை போய்க்கொண்டிருந்த ஆசிரியருக்கு, பார்வையில்லாமல் வாழ்வது எப்படி என்று அந்த மாணவரால் ஆறுதல் சொல்ல முடிந்தது. மேடையேறினால் கை நடுங்கும் மாணவருக்கு ஆசிரியர் தைரியம் சொன்னார். படுக்கையில் படுத்தபடியே கிழவர் ஒரு சந்தத்தைப் பாடுவார், இளைஞர் திருப்பிச் சொல்வார், பொழுது விடிந்தது தெரியாமல் பாடம் நடக்கும். டெர்ரியிடம் பயின்ற ஆஸ்திரேலியர் ஒருவர் இதைப் படமெடுக்க, குயின்சி ஜோன்ஸ் அதைத் தயாரித்து 2014-இல் வெளியிட்டார். அதற்கு அடுத்த ஆண்டு, 94 வயதில் டெர்ரி காலமானார்.

கதை முடிந்ததும் தகப்பனார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சோறு போடுமான்னு நீங்க இன்னும் சொல்லலியே சார்?" என்றார். நியாயமான கேள்வி. எல்லாருக்கும் போடாது, இவனுக்குப் போடுமா என்பது எனக்குத் தெரியாது என்று உள்ளதைச் சொன்னேன். ஆனால் ஒரு சாமானைப் பள்ளியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து, யாரும் சொல்லாமலே தினமும் ஒரு மணி நேரம் ஒன்றோடு போராடுகிற பிள்ளையை இத்தனை வருடத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை என்பதையும் சொன்னேன்.

"அப்ப நாய்க்கு என்ன வழி?" என்றார்.

தலைமையாசிரியரிடம் பேசி அனுமதி வாங்கினேன். பள்ளி மண்டபம் மாலை ஐந்து மணிக்குமேல் காலியாகத்தான் கிடக்கிறது. திங்கள், புதன், வெள்ளி ஐந்திலிருந்து ஆறுவரை அங்கே ஊதலாம். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துவேன். பேண்டு ஆசிரியர் சொல்லித்தந்ததை முதலில் வாயால் பாடிக் காட்டு என்று கேட்டேன். கூச்சப்படுகிறான். மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், நேற்றுத்தான் இரண்டு வரி பாடினான். கீழ்ச் சுரம் இன்னும் சில நாள் உடைகிறது.

பக்கத்து வீட்டு அக்காவிடமும் நேரத்தைச் சொல்லியாயிற்று. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிற வழியில் மண்டபத்து வாசலில் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுப் போனார். சண்டை போடவில்லை.