டி டிரைவ் காலி, சி டிரைவ் சிவப்பு!

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அப்பா. வீட்டு மேஜையில் ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர். பொங்கல் லீவுக்கு வந்த மகள், ஊருக்குக் கிளம்பும் முன் அதில் ஒரு ஏற்பாடு செய்துவிட்டுப் போனாள். வீட்டில் எல்லோருடைய போனிலிருந்தும் போட்டோக்கள் தானாகவே இந்தக் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்துவிடும். ஆன்லைனில் இடம் வாங்கி மாதாமாதம் பணம் கட்டத் தேவையில்லை. இம்மிச், நெக்ஸ்ட்கிளவுட் என்று இதற்கு இலவச சாஃப்ட்வேர்கள் உண்டு. அவற்றை வீட்டில் போடுகிறவர்களில் நிறைய பேர் 'டாக்கர்' வழியாகத்தான் போடுகிறார்கள். மகளும் டாக்கர் டெஸ்க்டாப்பை இன்ஸ்டால் செய்து, டி டிரைவில் 'போட்டோஸ்' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, இரண்டையும் இணைத்துவிட்டு பஸ் ஏறினாள்.

நாலு மாதம் ஒரு குறையும் இல்லை. போனில் இடம் பத்தவில்லை என்றபோது, 'அதான் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதே' என்று அப்பா பழைய படங்களைப் போனிலிருந்து அழித்தார். பேரனின் காதுகுத்துப் படங்களும் அதில் சேர்த்தி. அப்புறம் ஒருநாள் சி டிரைவ் நிரம்பிவிட்டது என்று சிவப்புக் கோடு வந்தது. படங்கள் போய்ச் சேர வேண்டிய டி டிரைவோ ஏறத்தாழ காலி. 'போட்டோஸ்' ஃபோல்டரைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை.

பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன் வந்து பார்த்தான். "டாக்கர்தான் அங்கிள் இடத்தை அடைச்சிட்டிருக்கு. அதை ஸ்டாப் பண்ணிட்டு 'ப்ரூன்'னு ஒரு கமாண்ட் கொடுத்தா எல்லாம் கிளீன் ஆயிடும்" என்றான். அப்பா ஸ்டாப் வரைக்கும் செய்துவிட்டார். அதற்குள் மகளிடமிருந்து போன்.

"ஃபோல்டர்ல ஒண்ணுமே இல்லம்மா. ஆனா நேத்து வரைக்கும் போன்ல அந்த ஆப்பைத் திறந்தா எல்லாப் படமும் தெரிஞ்சுதே!"

"அப்பா, கம்ப்யூட்டர்ல எதையும் தொடாதீங்க. அந்தத் தம்பியையும் தொட வேணாம்னு சொல்லுங்க."

மகள் அப்படிப் பதறியதில் நியாயம் இருக்கிறது. அது புரிய, டாக்கர் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

டாக்கர் என்றால் கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் துறைமுகத் தொழிலாளி. 2013-ல் சாலமன் ஹைக்ஸ் அமெரிக்காவில் நடந்த பைகான் மாநாட்டில் இதை அறிமுகப்படுத்தினார். ஒரு சாஃப்ட்வேர் ஓடுவதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் ஒரே பெட்டிக்குள் அடைத்துவிட்டால், எந்தக் கம்ப்யூட்டரில் இறக்கினாலும் ஒரே மாதிரி ஓடும் என்பது யோசனை. அந்தப் பெட்டிக்குப் பெயர் கன்டெய்னர். 'என் மெஷின்ல ஓடுதே, உங்க மெஷின்ல ஏன் ஓடலை?' என்ற ஐ.டி. அலுவலகச் சண்டைகளைப் பெருமளவு குறைத்த புண்ணியம் இதற்கு உண்டு.

கன்டெய்னரை ஒரு லாட்ஜ் அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்கியிருக்கும்வரை அலமாரியில் எதையும் வைக்கலாம். அறையைக் காலி செய்தால் துடைத்துப் பெருக்கி, அடுத்தவருக்குப் புதிதாகக் கொடுத்துவிடுவார்கள். அலமாரியில் விட்டுவந்தது போனது போனதுதான். கன்டெய்னரும் அப்படியே. ஸ்டாப் செய்தால் உள்ளே இருப்பது இருக்கும். டெலிட் செய்தால் போய்விடும். சாஃப்ட்வேரின் புது வெர்ஷன் வரும்போதெல்லாம் பழைய கன்டெய்னரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்குவதுதான் டாக்கரில் வழக்கம். பக்கத்து வீட்டுப் பையன் சொன்ன 'ப்ரூன்' கமாண்டோ, ஸ்டாப் ஆகிக் கிடக்கும் கன்டெய்னர்களைத் தேடித் தேடி அழிக்கும்.

இதற்காகத்தான் 'மவுண்ட்' என்று ஒரு வசதி இருக்கிறது. லாட்ஜ் அறையிலிருந்து நம் சொந்த வீட்டு பீரோவுக்கு ஒரு கதவு வைப்பது மாதிரி. அறைக்குள்ளிருந்து வைப்பது நேராக நம் பீரோவில் போய் உட்காரும். அறை போனாலும் பீரோ போகாது. இந்தக் கதவை வைப்பதற்கு ஒரே ஒரு வரி எழுத வேண்டும்: இடப்பக்கம் நம் கம்ப்யூட்டரில் உள்ள ஃபோல்டர், நடுவில் ஒரு கோலன், வலப்பக்கம் கன்டெய்னருக்குள் உள்ள ஃபோல்டர்.

மகள் எழுதிய வரியில் வலப்பக்கம் ஒரு எழுத்து தப்பு. சாஃப்ட்வேர் படங்களைப் போடுவது சின்ன 'பி'யில் தொடங்கும் 'போட்டோஸ்' என்ற இடத்தில். அவள் தட்டியது பெரிய 'பி'. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாது. விண்டோஸும் ஃபோல்டர் பெயர்களைப் பொறுத்தவரை பொதுவாக நம்மைப் போலத்தான், இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். ஆனால் டாக்கர் டெஸ்க்டாப் விண்டோஸிலோ மேக்கிலோ ஓடினாலும், இந்த மாதிரி கன்டெய்னர்கள் உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு குட்டி லினக்ஸில்தான் ஓடுகின்றன. லினக்ஸுக்குப் பெரிய 'பி' வேறு, சின்ன 'பி' வேறு. 'இப்படி ஒரு ஃபோல்டர் உள்ளே இல்லையே, தப்பாக எழுதிவிட்டீர்களா?' என்று அது கேட்கவும் கேட்காது. பெரிய 'பி' போட்டுப் புதிதாக ஒரு ஃபோல்டரை உருவாக்கி, அதற்குக் கதவை வைத்துவிட்டது. சாஃப்ட்வேர் பாட்டுக்குச் சின்ன 'பி'யில், அதாவது லாட்ஜ் அலமாரியில், நாலு மாதப் படங்களை அடுக்கிக்கொண்டே வந்திருக்கிறது. டாக்கர் தன் சரக்கையெல்லாம் ஒரு பெரிய டிஸ்க் ஃபைலாக, நாம் மாற்றிச் சொல்லாவிட்டால் சி டிரைவில்தான் வைத்திருக்கும். டி காலியாக இருக்க, சி சிவந்தது அதனால்தான்.

இதில் பயப்பட வேண்டியது அந்த எழுத்துப் பிழைக்குக்கூட இல்லை. அதைத் திருத்தப் போவதற்குத்தான். ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னரில் கதவை மட்டும் மாற்ற முடியாது. வரியைத் திருத்தி மறுபடி ஓட்டினால் டாக்கர் பழைய கன்டெய்னரை நீக்கிவிட்டுப் புதியதை உருவாக்கும். அதாவது, தப்பைச் சரிசெய்யும் அந்த நிமிடம்தான் படங்கள் காணாமல் போகும் நிமிடம். மவுண்ட் தகராறு என்றதும் வரியைத் திருத்திவிட்டு 'அப்' கொடுப்பவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான்.

எனவே மகள் முதலில் படங்களை வெளியே எடுக்க வைத்தாள். டாக்கர் டெஸ்க்டாப்பில் அந்தக் கன்டெய்னரின் பெயரை அழுத்தினால் 'ஃபைல்ஸ்' என்று ஒரு டேப் இருக்கும். ஸ்டாப் ஆன கன்டெய்னரின் உள்ளேயும் அதில் எட்டிப் பார்க்கலாம். அங்கே சின்ன 'பி' ஃபோல்டரும் பெரிய 'பி' ஃபோல்டரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் நாலு மாதப் படங்கள். இன்னொன்று காலி. 'டாக்கர் சிபி' என்ற கமாண்டை மகள் வாட்ஸ்அப்பில் அனுப்ப, அப்பா அதை அப்படியே ஒட்டி எண்டர் தட்டினார். அது நகர்த்தாது, நகல்தான் எடுக்கும். அதனால் நடுவில் கரன்ட் போனாலும் மூலத்துக்கு ஆபத்தில்லை. மொத்தமும் டி டிரைவுக்கு வந்ததும், எண்ணிக்கை சரியா என்று பார்த்து, அங்கங்கே சில படங்களைத் திறந்தும் பார்த்தார்கள். காதுகுத்து இருந்தது. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு நகல் எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்த எழுத்தைத் திருத்தினாள்.

இந்த வீட்டில் எந்த எரர் மெசேஜும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். கத்துகிற எரர் நல்ல எரர். அது வந்தால் கன்டெய்னர் ஓடாது. ஓடாவிட்டால் படம் ஏறாது. நாமும் போனிலிருந்து அழிக்க மாட்டோம். கத்துகிற ரகத்தில் அடிக்கடி தலைகாட்டும் சிலவற்றைப் பார்க்கலாம்.

'மவுண்ட்ஸ் டினைட்' என்று மேக்கில் வந்தால், நீங்கள் சொன்ன ஃபோல்டரைப் பார்க்க டாக்கருக்கு அனுமதி இல்லை என்று பொருள். செட்டிங்ஸில் ரிசோர்ஸஸ், அதில் ஃபைல் ஷேரிங் போய் அந்த ஃபோல்டரைச் சேர்த்தால் தீர்ந்தது. விண்டோஸில் டபிள்யூ.எஸ்.எல். 2 என்ற முறையில் ஓட்டுகிறவர்கள் இந்தப் பட்டியலைத் தேடி அலைய வேண்டாம். அவர்களுக்கு அது தேவைப்படாது.

'இன்வாலிட் ரெஃபரன்ஸ் ஃபார்மட்' என்று வந்தால், ஃபோல்டர் பெயரில் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். 'ஃபேமிலி போட்டோஸ்' என்று இரண்டு வார்த்தைப் பெயரை மேற்கோள் குறிக்குள் போடாமல் கமாண்டில் கொடுத்தால், முதல் வார்த்தையோடு ஃபோல்டர் முடிந்துவிட்டதாக நினைத்து, இரண்டாவது வார்த்தையை சாஃப்ட்வேரின் பெயராக எடுத்துக்கொள்ளும். மெசேஜைப் பார்த்தால் ஃபோல்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுதாகத் தின்னக்கூடிய எரர் இது.

'ஃபைல் மேலே டைரக்டரியை மவுண்ட் செய்யப் பார்க்கிறீர்களா?' என்ற பாணியில் ஒரு நீளக் கேள்வி வரும். நீங்கள் கொடுத்தது ஒரு செட்டிங்ஸ் ஃபைலின் பெயர். ஆனால் அந்த இடத்தில் அப்படி ஒரு ஃபைல் இல்லை. டாக்கரே அந்தப் பெயரில் ஒரு காலி ஃபோல்டரை உருவாக்கிவிட்டு, பிறகு அது ஏன் ஃபோல்டராக இருக்கிறது என்று நம்மைக் கேட்கிறது. அந்த ஃபோல்டரை நீக்கிவிட்டு நிஜ ஃபைலை அங்கே வைக்க வேண்டும்.

இல்லாத ஃபோல்டரைத் தானே உருவாக்கிக்கொள்ளும் இந்தக் குணம் இன்னொரு விதத்திலும் கலவரப்படுத்தும். யாராவது டி டிரைவைச் 'சுத்தம்' செய்கிறேன் என்று 'போட்டோஸ்' என்ற பெயரை வேறு ஏதாவதாக மாற்றிவிட்டால், அடுத்த முறை கன்டெய்னர் ஓடும்போது பழைய பெயரில் ஒரு காலி ஃபோல்டர் முளைத்திருக்கும். ஆப்பில் படங்கள் திறக்காது. எதுவும் தொலையவில்லை, பெயரைத்தான் மாற்றியிருக்கிறோம் என்று நினைவுக்கு வருவதற்குள் உயிர் போய்விடும். கமாண்டில் 'மைனஸ் வி' என்று சுருக்கமாக எழுதாமல் 'மைனஸ் மைனஸ் மவுண்ட்' என்று விரிவாக எழுதினால், இல்லாத ஃபோல்டரை டாக்கர் உருவாக்காது. எரர் காட்டி நின்றுவிடும். கூடத் தட்டுகிற அந்த நாலைந்து எழுத்துக்குப் பஞ்சம் பார்க்க வேண்டாம்.

சாஃப்ட்வேரின் டேட்டாபேஸை மட்டும் விண்டோஸ் ஃபோல்டரில் வைக்காமல், டாக்கரே பராமரிக்கும் 'வால்யூம்' என்ற இடத்தில் விடுவது நல்லது. போஸ்ட்கிரஸ் மாதிரி டேட்டாபேஸ்கள் தங்கள் ஃபோல்டருக்குத் தாங்களே பூட்டு போட்டுக்கொள்ளப் பார்க்கும். விண்டோஸ் ஃபோல்டரில் அந்தப் பூட்டு விழாமல் 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' என்று முரண்டு பிடிக்கும். யு.எஸ்.பி. ஹார்ட் டிஸ்க்கில் படங்களை வைப்பவர்கள், இன்றைக்கு 'இ' டிரைவ் என்று வருவது நாளைக்கு 'எஃப்' என்று வரலாம் என்பதால், டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் எழுத்தை நிரந்தரமாக ஒதுக்கிவிடலாம்.

ஆனால் வலப்பக்கம் ஓர் எழுத்து மாறிய தப்பை இவை எதுவும் பிடிக்காது. 'மைனஸ் மைனஸ் மவுண்ட்' கூடப் பிடிக்காது. அதற்கு ஒரே வழி, கதவு நிஜமாகவே திறக்கிறதா என்று கையால் தள்ளிப் பார்ப்பது. போனிலிருந்து ஒரே ஒரு படத்தை ஏற்றி, அது டி டிரைவ் ஃபோல்டருக்குள் வந்து விழுகிறதா என்று விண்டோஸில் பார்க்க வேண்டும். பிறகு விண்டோஸில் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலை அந்த ஃபோல்டரில் வைத்து, டாக்கரின் 'ஃபைல்ஸ்' டேப்பில் சாஃப்ட்வேர் பயன்படுத்தும் அதே ஃபோல்டருக்குள் அது தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால், கன்டெய்னரை ஒருமுறை டெலிட் செய்து மறுபடி உருவாக்கி, அந்த ஒற்றைப் படம் பிழைத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். ஒரு படம் இருக்கும்போது செய்ய வேண்டிய பரீட்சை இது, ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகு அல்ல. போனில் அழிப்பதெல்லாம் அதற்கப்புறம். ஹார்ட் டிஸ்க்கே பழுதானால் மவுண்ட் என்ன செய்யும்? அதனால் அந்த எக்ஸ்டர்னல் நகலும் இருக்கட்டும்.

எழுத்தைத் திருத்திய அன்று ராத்திரியே இந்தப் பரீட்சையையும் செய்தார்கள். அப்பா நோட்பேடில் 'வணக்கம்' என்று மட்டும் தட்டி ஃபோல்டரில் போட்டார். ஃபைல்ஸ் டேப்பில், சின்ன 'பி'க்குள், அது உடனே தெரிந்தது. போனில் எடுத்த சுவர்க் கடிகாரப் படம் டி டிரைவில் வந்து விழுந்தது.

"சரியாயிடுச்சுப்பா. இனிமே அந்த 'வணக்கம்' ஃபைலை டெலிட் பண்ணிடலாம்" என்றாள் மகள்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும்மா" என்றார் அப்பா. "தினம் காலைல ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கறேன்."