கோதுமையை விட்டால் போதுமா? களியை மீட்க வேண்டாவா?

ஓசூர், கிருட்டிணகிரி வட்டாரங்களில் புதியதொரு பேச்சு பரவி வருகின்றது. உடல் எடை குறைய வேண்டுமா, கோதுமையை விடு. நீரிழிவு அடங்க வேண்டுமா, கோதுமையை விடு என்பதே அப்பேச்சு. சில பத்தாண்டுகளுக்கு முன்னரோ, நீரிழிவு கண்டவர்க்கெல்லாம், அரிசியை விட்டுச் சப்பாத்தி உண்க என்று இதே உறுதியுடன் சொல்லப்பட்டது. அன்று கோதுமை மருந்தாயிற்று. இன்று கோதுமை நஞ்சாயிற்று! இவ்விரண்டு அறிவுரைகளும், தங்கள் காலடியிலேயே விளையும் கேழ்வரகை மறந்தன.

கோதுமை பஞ்சாபு மண்ணின் இயல்பான விளைவு. குளிரும் நீர்வளமும் வாய்த்த அந்நிலத்து மக்கள் அதனை உண்பதில் எக்குறையும் இல்லை. ஆனால் தமிழகத்து எளிய அடுக்களைக்கு அது அரசின் பங்கீட்டு வழியே வந்த உணவு. 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவுடன் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையால் கப்பல் கப்பலாகக் கோதுமை இந்தியாவில் இறங்கியது. பின்னர் வடபுலத்தில் விளைச்சல் பெருகியது. பங்கீட்டுக் கடைகளில் அரிசியும் கோதுமையும் இடம்பெற்றன. புன்செய்க் கூலங்கள் வெளியே நின்றன. களி ஏழையின் உணவென்று இகழப்பட்டது. 1970களிலும் 1980களிலும் ஓசூரில் தொழிற்பேட்டைகள் வளர்ந்தன. முறைமாற்றி இரவும் பகலும் உழைக்கும் தொழிலாளிக்கு, நள்ளிரவிலும் சூடாகக் கிடைத்தது சாலையோரப் புரோட்டாவே.

இங்கே உண்மையை உண்மையாகவே உரைத்தல் வேண்டும். 100 கிராம் முழுக்கோதுமை மாவிலும் 100 கிராம் கேழ்வரகிலும் ஏறத்தாழ 320 கலோரி ஆற்றலே உள்ளது. நார்ப்பொருளும் இரண்டிலும் ஏறத்தாழ 11 கிராமே. எனவே கோதுமையை விட்டுக் கேழ்வரகுக்கு மாறியதனாலேயே எடை குறைந்துவிடாது. வேறுபாடு சுண்ணச்சத்தில் உள்ளது. கோதுமை மாவில் ஏறத்தாழ 30 மில்லிகிராமே உள்ள அச்சத்து, கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்கு உள்ளது. வளரும் பிள்ளைக்கும் பாலூட்டும் தாய்க்கும் எலும்பு தேயும் முதியோர்க்கும் இஃது எத்துணைப் பெரும்பேறு!

மற்றொரு வேறுபாடு, கோதுமையை என்ன செய்து உண்கிறோம் என்பதில் உள்ளது. தவிடும் முளையும் நீக்கப்பட்ட வெண்மாவாகிய மைதாவில், முழுமாவின் நார்ப்பொருளில் கால் பங்களவே எஞ்சுகின்றது. அதில் எண்ணெயைச் சொரிந்தால் புரோட்டா. சருக்கரையைக் கொட்டினால் பிசுக்கோத்து. கோதுமையை விட்டவுடன் சிலர்க்கு எடை குறைவது இதனாலேயே. கோதுமையோடு புரோட்டாவும் பிசுக்கோத்தும் பொரித்த பண்டங்களும் ஒருங்கே ஒழிகின்றன. அவ்விடத்தில் தீட்டிய வெள்ளரிசியை இருமடங்கு உண்டால், இறங்கிய எடை மீண்டும் ஏறிவிடும்.

கோதுமையை அறவே விட வேண்டியவர்களும் உளர். அதிலுள்ள பசைப்புரதம் சிலருடைய சிறுகுடலைப் புண்ணாக்கும். சீலியாக்கு எனப்படும் இந்நோய்க்குக் கோதுமையே காரணம் என்பதை ஆலந்து நாட்டு மருத்துவர் வில்லெம் திக்கே 1940களில் நிறுவினார். இந்தியாவில் நடந்த ஆய்வொன்று, வடக்கே நூற்றுவரில் ஏறத்தாழ ஒருவர்க்கும் தெற்கே ஆயிரவரில் ஒருவர்க்கும் இந்நோய் இருப்பதாகக் காட்டியது. ஓயாத வயிற்றுப்போக்கும் குருதிச்சோகையும் உடல் மெலிவும் உள்ளவர்கள் முதலில் மருத்துவரை அணுகி ஆய்ந்தறிய வேண்டும். ஆய்வுக்கு முன்னரே கோதுமையை நிறுத்திவிட்டால் நோய் ஆய்வில் புலப்படாது போகலாம்.

இனிக் கேழ்வரகிலும் போலிகள் நுழைந்துவிட்டன. கேழ்வரகுப் பிசுக்கோத்து என்று விற்கப்படுவனவற்றுள் பலவற்றில் மைதாவும் சருக்கரையுமே மிகுதி. உறையின் மேலுள்ள பெயரை விட்டு, பின்புறமுள்ள சேர்பொருட் பட்டியலைப் படித்தல் நலம். நைய அரைத்த மாவைக் கூழாகக் காய்ச்சி வெல்லமிட்டுப் பருகினால், நீரிழிவுடையார்க்குக் குருதிச் சருக்கரை விரைந்தேறும். அளவாக உருட்டிய களி, அதனுடன் கீரைக் கடைசல், கொள்ளுக் குழம்பு அல்லது அவரைக்காய்க் குழம்பு என்பதே இம்மண்ணின் முறை. களி ஒரு பங்கென்றால் காயும் பருப்பும் அதனினும் மிகுதல் வேண்டும். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம், மருந்துகளின் பெயரைப் பட்டியலிடாமல், செரித்தபின் அளவறிந்து உண்பதையே பெரிதும் வலியுறுத்துவதன் பொருள் இதுவே.

கேழ்வரகு கீழை ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில் தோன்றிப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இங்கு வந்து, இம்மண்ணையே தாயகமாக்கிக்கொண்ட கூலம். தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பகுதிகளின் மானாவாரிச் செம்மண்ணில், வானம் தரும் மழையைக் கொண்டே அது விளைந்துவிடும். பையூர் ஆராய்ச்சி நிலையம் தன் ஊர்ப்பெயரிலேயே கேழ்வரகு வகையை வெளியிட்டது. எல்லைக்கு அப்பால் கன்னடர் இக்களியை முத்தெ என்று பெருமையுடன் விருந்தில் படைக்கின்றனர். அங்குப் பங்கீட்டுக் கடைகளிலும் கேழ்வரகு வழங்கப்பட்டுள்ளது. எல்லைக்கு இப்பால் அதனை விளைவிப்பவனோ விருந்தினர் வந்தால் களிச்சட்டியை மறைக்கின்றான்! இந்நாணம் என்று ஒழியும்?

2023ஆம் ஆண்டில் தமிழக அரசு நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கியது நற்றொடக்கம். குவிண்டாலுக்கு 2022-23இல் 3,578 உருபாவாக இருந்த ஆதார விலையும் 2024-25இல் 4,290 உருபாவாக உயர்ந்தது. ஆயினும் வாங்குவார் இன்றேல் விலை ஏட்டோடு நின்றுவிடும். உழவன் புன்செய்யைத் தரிசாகப் போடுவான்; அல்லது மனைகளாக விற்பான். விற்ற நிலத்தில் மீண்டும் கேழ்வரகு விளையாது.

எனவே ஓசூர்த் தொழிற்சாலைகளின் உண்டிச்சாலைகள் கிழமைக்கு இருநாளேனும் களியும் கீரையும் படைக்கட்டும். விளையும் மாவட்டங்கள் அனைத்திலும் பங்கீட்டுக் கடைகள் அதனை வழங்கட்டும். இல்லந்தோறும் களிக்கோல் மீண்டும் அடுப்படிக்கு வரட்டும். தமிழ்ப் பெருமக்களே, கோதுமையை விடுவதா என்னும் வினாவினும், அவ்விடத்தில் எதை வைப்பது என்னும் வினாவே பெரிது. அதற்குரிய விடை உங்கள் ஊர்ப் புன்செய்யில் கதிர்விட்டு நிற்கின்றது.