மாளிகைக்கு எது அழகு?

சென்னை மெரினாக் கடற்கரைக்குச் செல்லும் நாம் அலைகளில் கால் நனைக்கிறோம்; சுண்டல் வாங்கித் தின்கிறோம்; மணலில் வீடு கட்டி மகிழ்கிறோம். ஆனால் சாலைக்கு அப்பால் நிற்கும் பழைய கட்டடங்களை ஏறிட்டுப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்?

வட்ட முகப்புடன் நிற்கும் விவேகானந்தர் இல்லத்தையே எடுத்துக்கொள்வோம். 1842இல் அது எழுந்தது மனிதர் வாழ்வதற்கு அன்று. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்கு! 'ஐஸ் ஹவுஸ்' என்னும் பெயர் வந்தது அதனால்தான். இங்கேயே பனிக்கட்டி செய்யும் முறை வந்ததும் அவ்வாணிகம் நொடித்தது. வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கி, சன்னல்களும் தாழ்வாரங்களும் அமைத்துத் தம் இல்லமாக்கிக் கொண்டார். 1897இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார்.

பின்னர் அங்கே சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளுக்கு விடுதி நடத்தினார். தாமும் சிறு வயதிலேயே விதவையாகி, 1911இல் பட்டம் பெற்றவர் அவர். வீட்டு மூலையில் ஒதுக்கப்பட்ட சிறுமியர், கடற்காற்று வீசும் மாளிகையில் புத்தகம் விரித்தனர்!

சற்றுத் தொலைவில், கேப்பர் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரியின் மாளிகை இருந்தது. அது பின்னர் ஓட்டலாயிற்று. 1914இல் நகரின் முதல் மகளிர் கல்லூரி அதில்தான் தொடங்கிற்று. அதுவே இராணி மேரிக் கல்லூரி. ஐஸ் ஹவுஸ் விடுதிப் பெண்கள் அங்கே சென்று படித்தனர். 2003இல் தலைமைச் செயலகம் கட்டுவதற்காகக் கல்லூரியை இடிக்க அரசு முனைந்தபோது, மாணவியர் வளாகத்தை விட்டு அகலாமல் போராடினர். திட்டம் கைவிடப்பட்டது. கேப்பர் மாளிகை இன்று இல்லை. கல்லூரி நிலைத்து நிற்கிறது.

"பழைய கட்டடத்திற்கு வீண் செலவு எதற்கு? இடித்துவிடலாம்" என்பர் சிலர். "பூட்டிப் பாதுகாப்போம்" என்பர் வேறு சிலர். இரண்டும் எமக்கு உடன்பாடல்ல. பூட்டிய வீட்டில் குடிபுகுவது கறையானே! பயன்படும் வீட்டுக்குத்தான் பரிந்து பேச ஆள் உண்டு; 2003 நமக்குக் கற்பித்த பாடம் இது.

மாளிகைக்கு அழகு தூண்களும் மாடங்களும் அல்ல. யாருக்காகக் கதவு திறக்கிறது என்பதே. அடுத்த முறை கடற்கரைக்குச் செல்லும்போது, தோழியரே, ஒரு கணம் சாலைப் பக்கமும் திரும்பிப் பாருங்கள். நாம் இன்று படிப்பதற்கு அன்று திறந்த கதவுகள் அங்கே இருந்தன!