‘டென்ஷன் ஆகாத மச்சி’... இது ஆறுதலா, அலட்சியமா?

மாலை 6 மணி. லேப்டாப்பை மூடப்போகும் நேரத்தில் டீம் லீடிடம் இருந்து மெசேஜ்: “ஒரு சின்ன வேலைதான், இன்னைக்கே முடிச்சிடலாமா?” பக்கத்து சீட் நண்பரின் முகம் வாடுகிறது. நாம் வழக்கமாக என்ன சொல்வோம்? “விடு மச்சி, இதுக்கெல்லாமா டென்ஷன்? பாசிட்டிவ்வா இரு!”

நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால், ‘உன் பிரச்சினை ஒரு விஷயமே இல்லை’ என்றுதான் அது அவருக்குப் போய்ச் சேரும். அடுத்த முறை அவர் வாயே திறக்க மாட்டார்.

ஏன் இது முக்கியம்?

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ‘பர்ன்-அவுட்’டை வரையறுத்தபோது அதை நோய் என்று சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத, நாள்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்றது. தீராத சோர்வு, வேலை மீது விலகல், செயல்திறன் குறைவு ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றால் உலகம் முழுக்க ஆண்டுக்கு 1,200 கோடி வேலை நாட்கள் வீணாவதாகவும் அந்நிறுவனம் மதிப்பிடுகிறது.

எப்போதும் கலகலப்பாக இருப்பவர் லஞ்சுக்குத் தனியாகப் போகிறாரா? சின்ன மெயிலுக்கே எரிந்து விழுகிறாரா? ‘ஆட்டிட்யூட் காட்டுறார்’ என்று முத்திரை குத்தும் முன் ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

எப்படிப் பேசலாம்?

* தனியாகக் கேளுங்கள்: டீம் குரூப்பில் விசாரிக்க வேண்டாம். “ரெண்டு நாளா டல்லா இருக்கீங்களே, ஒரு டீ குடிச்சிட்டு வரலாமா?” என்பதே போதும்.
* குறுக்கிடாதீர்கள்: “எனக்கும் இப்படித்தான்...” என்று நம் கதையை ஆரம்பித்தால், அவர் கதை பாதியில் நின்றுவிடும்.
* உதவியைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்: “ஏதாவது வேணும்னா சொல்லுங்க” என்றால் பெரும்பாலானோர் கேட்கவே மாட்டார்கள். “அந்த ரிப்போர்ட்ல பாதியை நான் பார்த்துக்கறேன்” என்றால் சுமை உண்மையிலேயே குறையும்.
* ரகசியம் காக்கவும்: அவர் சொன்னது கேன்டீன் பேச்சானால், அப்ரைசல் நேரத்தில் அவருக்கு எதிராகவே திரும்பலாம்.

எங்கே நிறுத்த வேண்டும்?

நாம் கவுன்சிலர் அல்ல. ‘வாழவே பிடிக்கல’ என்ற ரீதியில் ஒருவர் பேசினால், அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவரைத் தனியே விடாமல் நிபுணரிடம் பேச வையுங்கள். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ இலவச உதவி எண் 14416. 24 மணி நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

பேச்சு மட்டும் போதுமா?

போதாது. மூன்று பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, இரவு 8 மணிக்கு ‘ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட்’ வெபினார் நடத்துவதால் யாருக்கும் பயனில்லை. சக ஊழியரின் அன்பு, நிர்வாகத்தின் பொறுப்புக்கு மாற்றாகிவிடக் கூடாது. ஒரு மேனேஜர் சொல்லக்கூடிய மிக பாசிட்டிவான வாக்கியம் ரொம்பச் சின்னது: “இது நாளைக்குப் பார்த்துக்கலாம், நீங்க கிளம்புங்க.”